மெயினை இறக்கிட்டு ஜெனரேட்டர் போட்டா என்ன தப்பு?

கேள்வி: திண்டிவனம் பக்கத்துக்காரர், 4 டிசம்பர் 2024

அண்ணே, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததுல இருந்து எங்க தெருவுக்குக் கரண்ட் இல்ல. மச்சான் கடையில இருந்த 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரைத் தூக்கிட்டு வந்தோம். எலக்ட்ரீஷியன் ஒருத்தரும் கிடைக்கல. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வயர்ல ரெண்டு பக்கமும் பிளக் மாட்டிக் குடுத்தான். ஒரு பக்கம் ஜெனரேட்டர்ல, இன்னொரு பக்கம் ஹால்ல இருக்கிற 15 ஆம்ப்ஸ் சாக்கெட்ல. வீடு முழுக்க லைட்டு எரியுது, ஃபிரிட்ஜ் ஓடுது. மெயினை இறக்கிட்டுத்தான் போடுறோம். இன்னிக்கு ஈபி ஆளு ஒருத்தர் பாத்துட்டுக் கண்டபடி திட்டிட்டுப் போறார். மெயினை இறக்கிட்டா வெளியே எப்படிண்ணே போகும்? சும்மா பயமுறுத்துறாரா?

4 டிசம்பர், இரவு

முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். முழுசாக நின்ற பிறகு ஜெனரேட்டர் பக்கத்துப் பிளக், அப்புறம் சுவர்ப் பக்கத்துப் பிளக். அந்த வயரை நடுவில் வெட்டிப் போடுங்கள். பரணில் பத்திரப்படுத்த வேண்டாம், அடுத்த புயலுக்கு யாராவது தேடி எடுப்பார்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஜெனரேட்டரிலிருந்து நேராகக் கொடுத்துக்கொள்ளுங்கள். மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

5 டிசம்பர், காலை

நான் மன்னார்குடிப் பக்கம் வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவன். இந்த ரெண்டு பக்கப் பிளக் வயரைக் 2018 கஜா புயல் சமயத்தில் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிளக் என்பதன் பித்தளைப் பின் வெளியே தெரிவதற்குக் காரணமே, அதில் எப்போதும் கரண்ட் இருக்காது என்பதுதான். கரண்ட் இருக்கும் இடம் சாக்கெட். அதனால்தான் அது துளைக்குள் ஒளிந்திருக்கிறது. ரெண்டு பக்கமும் பிளக் வைத்தால் அந்தக் கணக்கே தலைகீழ். ஜெனரேட்டர் ஓடும்போது யாராவது கால் இடறிச் சுவர்ப் பக்கத்துப் பிளக் கழன்றால், தரையில் கிடக்கும் பின்னில் 230 வோல்ட் உட்கார்ந்திருக்கும். மழைக்காலம், ஈரத் தரை, தவழும் குழந்தை. ஈபிக்கும் லைனுக்கும் போவதற்கு முன்னால், வீட்டுக்குள்ளேயே இது முதல் ஆபத்து.

இன்னொன்று. ஜெனரேட்டரை நேராக ஒரு பவர் சாக்கெட்டில் செருகினால் டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் மெயின் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) எதையும் அந்தக் கரண்ட் முறையாகக் கடந்து வருவதில்லை. அந்த ஒரு சாக்கெட்டுக்கு இழுத்த வயர் மொத்த வீட்டையும் தாங்குகிறது. பக்கத்து வீட்டுப் பையன் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டான்.

இனி உங்கள் கேள்வி. வெளியே எப்படிப் போகும்? மெயின் இறங்கியிருக்கும் வரை, அந்த மெயின் உண்மையிலேயே ரெண்டு வயரையும் விலக்கும் மெயினாக இருக்கும் வரை, போகாது. இந்த ரெண்டு "வரை"யில்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

நீங்கள் இறக்குவீர்கள். நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாவோ தம்பியோ இறக்குவார்களா? கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க ஒருவர் மெயினை ஏற்றிப் பார்ப்பார், வீட்டில் லைட்டு எரிகிற தைரியத்தில் அப்படியே விட்டுவிடுவார். அந்த நொடியிலிருந்து உங்கள் மீட்டர் வழியாக, சர்வீஸ் வயர் வழியாக, தெருக் கம்பத்துக்குக் கரண்ட் ஏறுகிறது. லைன்மேன்கள் ரிட்டன் சப்ளை என்று சொல்வது இதைத்தான்.

கம்பத்தில் நிற்பவர் என்ன செய்திருப்பார்? சப்-ஸ்டேஷனில் எல்சி, அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கியிருப்பார். டிரான்ஸ்பார்மரில் ஏபி சுவிட்சை (மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டை விலக்குவது) இறக்கியிருப்பார், அல்லது எல்டி (தெருவுக்குப் போகும் தாழ்ந்த வோல்டேஜ் லைன்) ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார். அவர் செய்தது எல்லாமே கரண்ட் வரும் திசையை அடைப்பதற்கு. உங்கள் வீடு அவருக்கு எதிர்த்திசை. கரண்ட் போகும் இடமே தவிர, வரும் இடம் இல்லை. அங்கிருந்து வந்தால் அவர் பிடுங்கிய ஃபியூஸ் அவருக்கு ஒன்றும் செய்யாது.

டிரான்ஸ்பார்மருக்கு மேல்-கீழ் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிறது, ஒரு பேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (அது திரும்பும் கம்பி) பார்த்தால் 250. அதாவது 44-க்கு 1. எல்டி ஃபியூஸ் அப்படியே இருந்து உங்கள் 230 அங்கே போய்ச் சேர்ந்தால், மேல்பக்கம் பத்தாயிரம் வோல்ட்டாக வெளியே வரும். ஏபி சுவிட்சை இறக்கிவிட்டு, டிரான்ஸ்பார்மர் மேலே ஏறி ஜம்பர் (இணைப்புக் கம்பி) கட்டுகிற ஆள் தொடுவது அதை.

திட்டினாரே அந்த ஈபி ஆள், அவர் உங்கள் தெருவில் ஏற வேண்டியவர். கொஞ்சம் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.

5 டிசம்பர், மதியம்

மேலே "உண்மையிலேயே ரெண்டு வயரையும் விலக்கும் மெயின்" என்று போகிற போக்கில் எழுதினேன். தனிச்செய்தியில் மூன்று பேர் அதையே கேட்டிருப்பதால் விரித்துவிடுகிறேன்.

பழைய வீடுகளில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச் இருக்கும். கைப்பிடியை இறக்கினால் பேஸ், நியூட்ரல் ரெண்டும் விலகும். பழசுதான், கனம்தான், ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்யும். புது வீடுகளில் காசு மிச்சம் பிடிக்க ஒற்றை எம்சிபியை மெயின் என்று வைத்துவிடுகிறார்கள். அது பேஸை மட்டும் விலக்கும். நியூட்ரல் தெருவோடு ஒட்டியபடியே இருக்கும்.

"நியூட்ரல்தானே, போனால் போகட்டும்" என்று நினைக்க வேண்டாம். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் எந்த முனை பேஸ், எந்த முனை நியூட்ரல் என்ற பேதமே கிடையாது. ரெண்டும் எர்த்தைத் தொடாமல் மிதந்துகொண்டிருக்கும். பையன் பிளக்கை மாற்றிக் கட்டியிருக்கலாம். இன்னொரு முனை எங்காவது, நனைந்த மோட்டார் ஒன்றிலோ சுவருக்குள் நைந்த வயரிலோ, எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், தெருவுக்குப் போகும் உங்கள் நியூட்ரல் இப்போது நியூட்ரல் இல்லை. டிரான்ஸ்பார்மர் எர்த்தோடு தொடர்பு இருந்தால் தப்பிக்கலாம். புயலில் முதலில் அறுவது கம்பிதான், நியூட்ரல் கம்பியும் கம்பிதான்.

6 டிசம்பர்

ஒரு நண்பர் கீழே எழுதியிருப்பது: "2 கேவிஏ ஜெனரேட்டர் தெருவையே தாங்குமா? மெயினை மறந்து போட்டாலும் அடுத்த நொடி திணறி நின்றுவிடும். தானாகவே பாதுகாப்பு. நீங்கள் பூதம் காட்டுகிறீர்கள்."

பாதி சரி. சாதாரண நாளில், முழுத்தெருவும் லைனில் இருக்கும்போது, நாற்பது வீட்டு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஒரு சின்ன எஞ்சின் இழுக்க முடியாது. உறுமிவிட்டு நிற்கும் அல்லது அதன் பிரேக்கர் விழும். நான் மறுக்கவில்லை.

ஆனால் எந்த நாளில் நீங்கள் ஜெனரேட்டர் போடுகிறீர்கள்? கம்பி அறுந்த நாளில். உங்கள் வீட்டுக்கு ரெண்டு கம்பம் தள்ளி மரம் விழுந்து லைன் அறுந்திருந்தால், உங்கள் ஜெனரேட்டர் பார்ப்பது அந்த ரெண்டு கம்பத்து வீடுகளை மட்டும். அவர்களும் "வோல்டேஜ் ஏறி வந்து டிவி போய்விடும்" என்று மெயினை இறக்கி வைத்திருப்பார்கள். லோடே இல்லை. ஜெனரேட்டர் சுகமாக ஓடும். அறுந்த அந்த முனையைத் தேடித்தான் லைன்மேன் வருகிறார்.

டிரான்ஸ்பார்மர் கதையும் அப்படியே. லோடு இல்லாத டிரான்ஸ்பார்மர் இழுப்பது சில ஆம்பியர்தான். முதல் உதையில் நின்றுவிட வாய்ப்பு உண்டு, ஆனால் நிற்கும் என்று நம்பி ஒரு ஆளைக் கம்பத்தில் ஏற்ற முடியாது. நிற்பதற்குள் தொட்டுவிட்டாலும் தீர்ந்தது கதை. ஆர்சிசிபியை 30 மில்லி ஆம்பியருக்கு வைக்கிறார்கள். அதற்கு மேல் நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பலாம் என்பதால்தான். திண்டிவனம் தம்பியின் 2.5 கேவிஏ ஜெனரேட்டர் கொடுக்கக் கூடியது பத்து ஆம்பியருக்கு மேல். "சின்னது" என்ற வார்த்தைக்கு இங்கே அர்த்தமே இல்லை.

6 டிசம்பர், இரவு

கஜாவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன்னால் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று தென்னையும் கம்பமும் சேர்ந்தே சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கு மேல் கம்பம் போனது. கேரளத்திலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து நம் வயலில் நின்று கம்பம் நட்டார்கள். உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஊரே காசு போட்டு வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தது, செல்போன் சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள்.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரு மூத்த லைன்மேனுக்கு உதவியாகச் சில ஊர்களுக்குப் போனேன். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு ஓரம். புதுக் கம்பம் நட்டாகிவிட்டது, எல்டி கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கேரியரை எல்லாம் பிடுங்கிக் கீழே ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார். பெல்ட்டை மாட்டியவர் ஏறவில்லை. பீடியை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். "இருப்பா, சத்தம் கேக்குது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்று திரும்பியபோதுதான் தோப்புக்குள்ளிருந்து டபடபவென்று வந்தது. ஹெல்பரை அனுப்பினார். ஒரு வீட்டுக் கொல்லையில் டீசல் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டாருக்காக. வயரைப் போர்டில் கொக்கி மாதிரி மாட்டியிருந்தார்கள், மெயின் ஏறியே இருந்தது. கீழே கிடந்த கம்பியில் இவர் ஒரு பல்பு ஹோல்டரின் ரெண்டு வயரை வைத்துக் காட்டினார். எரிந்தது. மங்கலாகக்கூட இல்லை, பளிச்சென்று.

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. தெருவுக்கே இலவசமாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கம்பியில் வேலை செய்யும் முன் ரெண்டு பக்கமும் எர்த் ராடு போட்டுக் கம்பியை மண்ணோடு இணைக்க வேண்டும் என்பது விதி. ஹெச்டியில் (11,000 வோல்ட் லைனில்) ஓரளவு போடுகிறார்கள். எல்டியில், அதுவும் ஊரே நின்று "எப்ப வரும், எப்ப வரும்" என்று கத்தும்போது, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஏறுவதுதான் நடைமுறை. அது அவர்கள் குறை என்று சிலர் எழுதக்கூடும். இருக்கட்டும். அந்தக் குறையை உங்கள் ஜெனரேட்டர் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

8 டிசம்பர்

"சேஞ்ச் ஓவர் இருக்கிறது, எனக்குக் கவலை இல்லை" என்பவர்களுக்கு. ஈபி, ஜெனரேட்டர் ரெண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சுவிட்சைச் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெயர் வேண்டாம். ஜெனரேட்டர் போட்டால் ஏசி பொசுங்குகிறது என்று கூப்பிட்டார்கள். நாலு போல் (நாலு கம்பியையும் மாற்றும்) சேஞ்ச் ஓவர், நல்ல கம்பெனிதான். மூடியைக் கழற்றினால், மூன்று பேஸும் ஒழுங்காகப் போய் வருகிறது. நாலாவது போல், அதாவது நியூட்ரல், பிளேடு கறுத்து அரித்துப் போயிருக்கிறது. யாரோ ஒரு மகானுபாவர் அதை மாற்றாமல் ஈபி நியூட்ரல், ஜெனரேட்டர் நியூட்ரல், லோடு நியூட்ரல் மூன்றையும் ஒரே போல்ட்டில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார். போல்ட்டும் லூஸ். லூஸானால் நியூட்ரல் மிதக்கும், ஒரு பேஸில் 150, இன்னொன்றில் 350 என்று வோல்டேஜ் ஆடும். ஏசி பொசுங்கியது அதனால்தான்.

ஆனால் எனக்குப் பதறியது அதற்காக இல்லை. முகூர்த்த நாளில் மண்டபத்து லோடு முழுவதும் சமமில்லாமல் ஓடும்போது, அந்த நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடியோ ஜெனரேட்டர் பக்கம் இருக்கிறது. பார்ப்பவன் கண்ணுக்கு எல்லாம் சரி.

பேஸை மட்டும் மாற்றுவது பாதி சேஞ்ச் ஓவர். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு டபுள் போல், த்ரீ பேஸுக்கு நாலு போல். கடைக்காரர் "நியூட்ரலை காமனா போட்டுக்கலாம் சார்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

8 டிசம்பர், பின்னேரம்

சிரிப்புக்கு ஒன்று. இதில் எல்லாம் மிகச் சரியாக நடந்துகொள்பவர் யார் தெரியுமா? திருவிழா மைக் செட் அண்ணன். ஆம்ப்ளிபையருக்கு ஒரே ஒரு பிளக்தான் வைத்திருப்பார். ஈபி இருந்தால் இந்தப் பாக்ஸில், போனால் பிடுங்கி அந்தப் பாக்ஸில். ஒரு பிளக் ஒரே நேரத்தில் ரெண்டு சாக்கெட்டில் இருக்க முடியாது, அவர் மறந்தாலும் முடியாது, தண்ணி போட்டிருந்தாலும் முடியாது. காசில்லாமல் ஒரு இன்டர்லாக். அந்த ஈபி பாக்ஸுக்குக் கரண்ட் கம்பத்தில் கொக்கி போட்டு வந்தது என்பது வேறு விஷயம், அதை நான் பார்க்கவில்லை.

11 டிசம்பர்

திண்டிவனம் தம்பி, கரண்ட் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. "மெயினை ஏற்றும்போது ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று கேட்டதற்குப் பதில்.

ஈபி கரண்ட் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. உங்கள் ஜெனரேட்டரும் ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் அதன் தாளம் அதனுடையது. ஒன்று உச்சியில் இருக்கும்போது இன்னொன்று பள்ளத்தில் இருந்தால் ரெண்டுக்கும் நடுவில் 460 வோல்ட். நடுவில் தடுக்க எதுவும் இல்லை. ஈபி தன் தாளத்துக்கு உங்கள் எஞ்சினை ஒரே உதையில் இழுக்கப் பார்க்கும். காயில் எரியலாம், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளலாம், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்திலேயே தீப்பொறி.

பெரிய ஜெனரேட்டர்களை ஈபியோடு சேர்த்து ஓட்டுவது நடக்கிற விஷயம்தான். 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்தில், கோவைப் பக்கம் மில்களில் ரெண்டு மூன்று ஜெனரேட்டரைச் சேர்த்து ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வோல்டேஜ், வேகம், பேஸ் வரிசை, தாளம் நாலும் பொருந்தினால்தான் பிரேக்கரைச் சேர்ப்பார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் பஸ்ஸோடு சேர்ந்து ஓடித்தான் ஏற வேண்டும், அவ்வளவுதான் தத்துவம். பழைய ஆட்கள் நடுவில் பல்பு கட்டி, அது மங்கி முழுசாக அணையும் கணத்தில் சுவிட்சைத் தட்டுவார்கள். இப்போது பேனலே பார்த்துக்கொள்கிறது. அதற்கு மின்வாரிய அனுமதி, மின் ஆய்வாளர் பார்வை என்று தனி வழி இருக்கிறது. வீட்டுக்கு அது வேண்டாம். ரெண்டும் ஒருபோதும் சேரக் கூடாது என்பதே நமக்கான ஏற்பாடு.

12 டிசம்பர்

சோலார் போட்ட நண்பர் ஒருவர்: "பகலெல்லாம் என் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போகிறது. அதற்கு அரசாங்கமே மானியம் தருகிறது. ஜெனரேட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?"

நியாயமான கேள்வி. 2024-ல் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்த பிறகு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று எங்கள் ஊரிலும் மாடிகள் நீலமாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த இன்வெர்ட்டர் லைனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் செத்தால் தானும் நின்றுவிட வேண்டும், ரெண்டு விநாடிக்குள். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதியிலேயே அது இருக்கிறது. கரண்ட் போனால் வெயிலடித்தாலும் சோலார் வேலை செய்யவில்லை என்று திட்டுகிறீர்களே, அது பழுது இல்லை. லைன்மேனுக்காக அது நிற்கிறது.

இதிலும் ஒரு வில்லங்கம். ஈபி போனதும் சோலார் நின்றது. நீங்கள் ஜெனரேட்டரைப் போட்டு அதே வயரிங்கில் விட்டால், சோலார் இன்வெர்ட்டர் அதை ஈபி என்று நம்பி எழுந்துகொள்ளும். வீட்டில் லோடு குறைவாக இருந்தால் மிச்சக் கரண்டை ஜெனரேட்டருக்குள்ளேயே தள்ளும். எஞ்சினுக்கு நல்லதில்லை. அதற்கென்றே கன்ட்ரோலர் இருக்கிறது, அது இல்லாதபோது ஜெனரேட்டர் ஓடும் நேரம் சோலாரிலிருந்து வீட்டு வயரிங்குக்கு வரும் சுவிட்சை இறக்கி வையுங்கள்.

பேட்டரி இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு வரி. உள்ளே ஒரு ரிலே ஈபியையும் பேட்டரியையும் மாற்றுகிறது. அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அதுவும் ரிட்டன் சப்ளைதான். பழைய பெட்டிகளில் இதை ஒரு முறை செக் பண்ணச் சொல்லுங்கள்.

15 டிசம்பர்

பேச்சு எங்கேயோ போகிறது, ஆனால் இது எங்கள் டெல்டாவுக்கு முக்கியம் என்பதால் எழுதிவிடுகிறேன். ஜெனரேட்டரே இல்லாமலும் ரிட்டன் வரும்.

வயல் மோட்டார் த்ரீ பேஸ். சில நேரம் ரெண்டு பேஸ்தான் விடுவார்கள், அல்லது டிரான்ஸ்பார்மரில் ஒரு ஃபியூஸ் போயிருக்கும். விவசாயி கன்டன்சர் போட்டு ரெண்டு பேஸிலேயே மோட்டாரைக் கிளப்பிவிடுவார். ஓடும் மோட்டார் மூன்றாவது பேஸைத் தானே உண்டாக்கி வெளியே விடும். ஃபியூஸ் போன அந்த மூன்றாவது கம்பியைச் "செத்த கம்பி" என்று நினைத்துத் தொட்டால் அதில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு வோல்டேஜ் இருக்கும். ஒரு பேஸ் மட்டும் போன புகாருக்கு வரும் அனுபவசாலி லைன்மேன்கள் மூன்று ஃபியூஸையும் பிடுங்கிவிட்டே கம்பி பக்கம் போவது இதனால்தான். புதுசாக வேலைக்கு வந்த பையன்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

16 டிசம்பர்

6-ஆம் தேதி எழுதிய அந்த மூத்தவர் கதையை யோசித்துக்கொண்டிருந்தேன். காது கொடுத்துக் கேட்பது, இருட்டில் எந்த வீட்டில் லைட்டு எரிகிறது என்று பார்ப்பது. அவர் காலத்தில் அது போதும். இப்போது எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் லைட்டு எரிகிறது. புது ஜெனரேட்டர்கள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றன. அவர் போன வருஷம் ஓய்வு பெற்றார். அவருடைய ரெண்டு கருவியும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டன என்றுதான் தோன்றுகிறது.

அதனால்தான் எர்த் ராடு விஷயத்தில் 6-ஆம் தேதி நான் "இருக்கட்டும்" என்று லேசாக விட்டது இப்போது உறுத்துகிறது. எல்டியிலும் நாலு கம்பியையும் சேர்த்து ஷார்ட் பண்ணி எர்த் போட்டுவிட்டு ஏறினால், ரிட்டன் வந்தாலும் அந்த ஜெனரேட்டர்தான் திணறி நிற்கும், ஆள் இல்லை. அதற்கு நேரம் வேண்டும், கிட் வேண்டும், கீழே நின்று கத்துகிற நாம் வாயை மூட வேண்டும்.

17 டிசம்பர்

ஒரே வீட்டில் ரெண்டு சர்வீஸ் வைத்திருப்பவர்களே, உங்களுக்குத் தனியாக. 2016-ல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததால் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று மீட்டர் வைத்திருக்கிறோம். எலக்ட்ரீஷியன் மாடிப்படி லைட்டுக்கு இங்கிருந்து பேஸ், அங்கிருந்து நியூட்ரல் என்று கலந்துவிட்டிருப்பார். கீழ் மெயினை இறக்கி ஜெனரேட்டர் போட்டால் அது மேல் மீட்டர் வழியாக நடந்து தெருவுக்குப் போகலாம். மெயின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அப்புறம் "மெயினை இறக்கிட்டேன்" என்று சொல்லுங்கள்.

19 டிசம்பர்

திண்டிவனம் தம்பி சேஞ்ச் ஓவர் வாங்கிவிட்டாராம். 2.5 கேவிஏ என்றால் முழு லோடில் 11 ஆம்பியர் சுமார். ஈபி பக்கம் வீட்டின் முழு லோடும் இதே சுவிட்ச் வழியாகப் போகும் என்பதால் 32 ஆம்ப்ஸ் டபுள் போல் சரி. பெரிய வீடு, ரெண்டு ஏசி என்றால் 63. நடுவில் ஆஃப் நிலை உள்ளதாகப் பாருங்கள்: ஈபி, ஆஃப், ஜெனரேட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆஃபைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

மீட்டருக்கும் டிபிக்கும் நடுவில் மாட்ட வேண்டும். மீட்டர் சீலைத் தொடக் கூடாது. வேலை தொடங்கும் முன் ஈபியில் சொல்லி சர்வீஸ் ஃபியூஸை எடுக்கச் சொல்லுங்கள், லைசன்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள். ஜெனரேட்டரிலிருந்து வரும் வயர் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், சுவரில் ஆண் பின் உள்ள இன்லெட் பாக்ஸ் ஒன்று. வயரில் ஒரு முனையில் பிளக், மறுமுனையில் சாக்கெட். எந்த முனை கழன்றாலும் கரண்ட் உள்ள பின் வெளியே தெரியாது.

ரெண்டு எம்சிபியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒன்றை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றுங்கள்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டுவது சேஞ்ச் ஓவர் ஆகாது. அதற்கும் நடுவில் தகடு வைத்து ஒன்று ஏறினால் மற்றது ஏறாதபடி செய்யும் இன்டர்லாக் இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

ஜெனரேட்டரை வராண்டாவில், ஜன்னலுக்கு அடியில் வைக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழ மாட்டார்.

22 டிசம்பர்

கடைசியாக வந்த கேள்வி: "சேஞ்ச் ஓவர் போட்ட பிறகு ஜெனரேட்டரில் ஓடும்போது ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது. அப்படியானால் ஷாக் அடித்தாலும் ட்ரிப் ஆகும்தானே?"

ஆகாமல் போகலாம். டெஸ்ட் பட்டன் சோதிப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ரெண்டு வயருக்கு நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மட்டும். ஜெனரேட்டரின் ரெண்டு முனையும் மிதந்துகொண்டிருந்தால் பழுதுக் கரண்ட் எர்த் வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்ப வழியே இல்லை, ஆர்சிசிபிக்குத் தெரிய ஒன்றும் இருக்காது. முதல் பழுதில் ஷாக்கும் அடிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. ரெண்டாவது பழுது வரும்போதுதான் ஷாக் பிடிக்கும்.

நியூட்ரலையும் மாற்றும் டபுள் போல் சேஞ்ச் ஓவர் இருந்தால், ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு முனையை நியூட்ரல் என்று முடிவு செய்து அதை எர்த்தோடு கட்டி, எர்த்துக்கு நல்ல ராடு இறக்கினால் ஆர்சிசிபி உயிர் பெறும். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்கள் சிலவற்றில் அப்படிக் கட்டக் கூடாது, உள்ளே போர்டு போய்விடும். மாடல் நம்பரோடு மேனுவலில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.